பாஸ் இல்லாமல் தாண்டக்கூடாத தெருவில் ஒரு நாடக மேடை: ஷாங்காய் யூத அகதிகள்

#1 நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். தையல் இயந்திர உதிரிப் பாகம் வாங்க ஷாங்காய் போய்வருவது என் பிழைப்பு. போன தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமல் கிடைத்தது. ஹோங்கோவ் பகுதிக்குப் போய் நடந்தேன். பழைய புத்தகங்களில் ஹோங்கியூ என்று இருக்கும். அங்கே சோஷான் சாலை என்று ஒரு தெரு. செங்கல் கட்டடங்கள், வளைவு வைத்த ஜன்னல்கள், மூங்கில் கழியில் காயும் துணிகள். அதற்குப் பழைய பெயர் சூசான் ரோடு. 1940-களில் அந்த வட்டாரத்தைக் 'குட்டி வியன்னா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

1938 முதல் 1941 வரை ஹிட்லரிடமிருந்து தப்பி ஷாங்காய் வந்து இறங்கிய யூதர்கள் 17,000 பேர் என்று ஒரு கணக்கு, 20,000 என்று இன்னொரு கணக்கு. பெரும்பாலும் ஜெர்மனிக்காரர்களும் ஆஸ்திரியக்காரர்களும். வக்கீல், டாக்டர், தையல்காரர், வயலின் வாத்தியார், தொப்பி வியாபாரி என்று எல்லாத் தொழிலிலும் ஆள் இருந்தது. ஹோங்கியூ 1937 சண்டையில் பாதி இடிந்து கிடந்த பகுதி, அதனால் வாடகை மலிவு. இடிபாட்டிலிருந்து செங்கல் எடுத்து அவர்களே கட்டிக்கொண்ட வீடுகளும் கடைகளும் உண்டு. நம்மூர் லைன் வீடு மாதிரி, ஒரு சந்து, இரண்டு பக்கமும் வீடு, ஒரே அறையில் ஒரு குடும்பம், சில சமயம் நடுவில் போர்வை தொங்கவிட்டு இரண்டு குடும்பம்.

என் மனதை விட்டுப் போகாத விஷயம் வெந்நீர். பச்சைத் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கடுப்பு நிச்சயம். தண்ணீரைக் கொதிக்கவைக்க வீட்டில் கரி கட்டுப்படியாகாது. அதனால் தெருமுனையில் வெந்நீர்க் கடை. பெரிய அடுப்பு, அதன்மேல் கொப்பரைகள், எந்நேரமும் ஆவி. மூங்கில் வில்லைகளை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வில்லை கொடுத்தால் சீனக்காரர் அகப்பையால் முகந்து உங்கள் கூஜாவில் ஊற்றுவார். பெர்லினில் குழாயைத் திருகினால் வெந்நீர் வந்த வீட்டுக்காரர், கையில் கூஜாவோடு வரிசையில் நிற்கிறார்.

அதே ஆள் சாயங்காலம் இருக்கிற ஒரே கோட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போகிறார். இதுதான் என்னை யோசிக்கவைத்தது. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஒரு கூட்டம் பத்திரிகை நடத்தியது, பள்ளிக்கூடம் நடத்தியது, கால்பந்துப் போட்டி நடத்தியது, ஓப்பரெட்டா என்ற இசை நாடகம் மேடையேற்றியது. இது எப்படி நடந்தது, ஏன் நடந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நானும் படித்ததை எழுதுகிறேன்.

#2 கடலோடி

நூல்கண்டு, நல்ல இழை. நான் முப்பது வருஷம் கப்பலில் இருந்தவன். வந்த வழியை மட்டும் சொல்கிறேன்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஜூலையில் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அநேகமாக எல்லா நாடுகளும் அனுதாபம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தின. நவம்பர் 9 இரவு ஜெப ஆலயங்கள் எரிந்தன. ஆண்களைப் பிடித்து டாஹவ், புஹன்வால்ட் முகாம்களில் போட்டார்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று அத்தாட்சி காட்டினால்தான் வெளியே விடுவார்கள்.

ஷாங்காய் விஷயம் இதுதான்: அங்கே இறங்க விசா தேவையில்லை. வெள்ளைக்காரர்கள் ஆண்ட சர்வதேசக் குடியிருப்பு ஒரு பக்கம், பிரெஞ்சுப் பகுதி ஒரு பக்கம், சுற்றிலும் ஜப்பான் ராணுவம். 1937-க்குப் பிறகு துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்க்கச் சீன அரசாங்கம் அங்கே இல்லை. இறங்குவதற்கு விசா வேண்டாம், ஆனால் ஆஸ்திரியாவை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு காகிதம் வேண்டும். வியன்னாவில் சீனத் தூதரக அதிகாரியாக இருந்த ஹோ ஃபெங் ஷான் அந்தக் காகிதத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்தார். மேலதிகாரி தடுத்தும் கொடுத்தார்.

பயணம் இத்தாலியக் கப்பலில். லாய்ட் திரியஸ்தினோ கம்பெனியின் கோன்தே வெர்தே, கோன்தே ரோஸோ, கோன்தே பியான்கமானோ. ஜெனோவாவிலோ திரியஸ்தேயிலோ ஏறி, சூயஸ் கடந்து, பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் தொட்டு ஷாங்காய். ஏறக்குறைய நாலு வாரம். ஜெர்மனியிலிருந்து தலைக்கு 10 மார்க்தான் எடுத்துவர விட்டார்கள். ஆனால் டிக்கெட்டை ஜெர்மனியிலேயே வாங்கலாம் என்பதால் முதல் வகுப்பில் வந்தவர்களும் உண்டு. நாலு வாரம் வெள்ளை மேஜைவிரிப்பில் சாப்பாடு. இறங்கியதும் லாரியில் நிற்கவைத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ராத்திரியே தகரக் குவளையில் சூப்.

#3 வடலி (டொராண்டோ)

கடலோடி அண்ணை, கொழும்பு எண்டதைப் பாத்ததும் மனசு ஒருமாதிரிப் போச்சு. கொழும்புத் துறைமுகத்தில நிண்டுபோன கப்பலில இப்பிடிச் சனம் இருந்திருக்குது எண்டு இண்டைக்குத்தான் அறியிறன். எங்கட பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில இது ஒரு வரி கூட இல்லை.

பிறகு அந்த வழி எப்ப அடைபட்டது? அதையும் எழுதுங்கோ.

#4 கடலோடி

வடலி, படிப்படியாக அடைபட்டது. 1939 ஆகஸ்டில் ஷாங்காயில் இருந்த அதிகாரங்கள் எல்லாம் சேர்ந்து 'போதும்' என்றன. அதன்பிறகு அனுமதிச் சீட்டு வேண்டும், அல்லது ஒரு ஆளுக்கு 400 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். 10 மார்க்கோடு வருகிறவன் 400 டாலருக்கு எங்கே போவான்? 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் கடல் வழியே நின்றது. அடுத்த ஒரு வருஷம் சைபீரியா ரயிலில் சிலர் வந்தார்கள். 1941 ஜூனில் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியதும் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் மாட்டியவர்கள் கதி உங்களுக்குத் தெரியும்.

#5 எதிர்க்கேள்வி

இழையைக் கெடுக்க வரவில்லை. ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

'குட்டி வியன்னா' என்ற பெயரே எனக்கு உறுத்துகிறது. காஃபி கடை, ஓப்பரெட்டா, கூரைத் தோட்டத்தில் நடனம் என்று பின்னால் எழுதிய நினைவுகளில் வருவது எத்தனை பேருடைய வாழ்க்கை? ஒரு பகுதியினர் முகாம் கட்டிலில்தான் கிடந்தார்கள். அதைவிட முக்கியம், அந்தத் தெருவில் யூதர்கள் மட்டுமா இருந்தார்கள்? ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள் அதே ஒரு சதுர மைலில் இருந்தார்கள். அவர்களும் 1937 குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள். பனிக்காலத்தில் காலையில் தெருவில் கிடந்த சீனப் பிணங்களைப் பொறுக்கிப்போக வண்டி வரும் என்று அகதிகளே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு வியன்னா என்று பெயர் வைத்தால் சீனக்காரர் எங்கே போனார்?

நூல்கண்டு எழுதிய வெந்நீர்க் கடைக்காரருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாராவது எழுதிவைத்தார்களா?

#6 நூல்கண்டு

எதிர்க்கேள்வி, நெருடல் நியாயம். பூசி மெழுகப் போவதில்லை.

முகாம்களை ஜெர்மன் மொழியில் 'ஹைம்' என்றார்கள், வீடு என்று அர்த்தம். பழைய ராணுவக் கொட்டகை, பள்ளிக்கூடம், கிடங்கு. ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே தங்கினார்கள். ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில் போட்டு நூறு பேர் வரை. கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டினால் அதுதான் குடும்பத்தின் சுவர். வார்டு ரோடு ஹைம்தான் பெரிய கஞ்சித்தொட்டி. வெளியே அறை எடுத்து இருந்தவர்களிலும் பலர் பாத்திரம் தூக்கிக்கொண்டு அங்கே வந்து வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

முதலில் உதவியது ஷாங்காயில் ஏற்கெனவே இருந்த பாக்தாத் யூதர்கள், பம்பாய் வழியாக வந்து பெரும் பணக்காரர் ஆனவர்கள். விக்டர் சசூன் தன் எம்பாங்க்மென்ட் கட்டடத்தில் அகதிகளை இறக்க இடம் கொடுத்தார். அது பத்தவில்லை. 1941 மே மாதம் அமெரிக்க யூத நிவாரண அமைப்பான 'ஜாயின்ட்' லாரா மார்கோலிஸ் என்ற பெண்ணை அனுப்பியது. டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. மறுநாளே ஜப்பான்காரர்கள் சர்வதேசக் குடியிருப்பையும் எடுத்துக்கொண்டார்கள், அமெரிக்கப் பணம் நின்றது. இந்த அம்மா எதிரி நாட்டுப் பிரஜை. ஜப்பான் அதிகாரியிடமே நேரில் போய், உள்ளூரில் கடன் வாங்கிச் சமையலறையை நடத்த அனுமதி வாங்கினார். 1943 தொடக்கத்தில் அவரையும் பிடித்து அடைத்தார்கள். அதுவரை அடுப்பு அணையவில்லை.

ஆக, முகாம்காரர் வேறு, நாடகம் பார்த்தவர் வேறு என்று பிரித்துவிட முடியாது. முகாம்களிலேயே கச்சேரி நடந்தது, சொற்பொழிவு நடந்தது. சூப் வரிசையில் அவருக்கு ஒரு எண். மேடையிலோ பெஞ்சிலோ உட்கார்ந்தால் அவர் மறுபடி அந்த வக்கீல், அந்தத் தொப்பி வியாபாரி. நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

பெயர் கேட்டீர்கள். நான் படித்த நினைவுக் குறிப்புகளில் அவர் 'தண்ணீர்க்காரர்' மட்டும்தான்.

#7 அரங்கம்

நவீன நாடகத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்தக் கதையைப் படித்தபோது நான் முதலில் யோசித்தது, ஸ்கிரிப்ட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான். பத்து மார்க்கோடு வந்தவன் பெட்டியில் நாடகப் பிரதி எடுத்து வருவானா? நடிகர்கள் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஒருவருக்கு முதல் அங்கம் ஞாபகம், இன்னொருவருக்குத் தன் பாத்திரத்தின் வசனம் மட்டும். விட்டுப்போன இடத்தைத் தாங்களே இட்டு நிரப்பினார்கள். ஒத்திகைக்கு அறை கிடையாது, உடைக்குத் துணி கிடையாது. மேடை பல சமயம் சினிமாக் கொட்டகையில், காட்சி இல்லாத நேரத்தில். அப்படியும் லெஸ்ஸிங், ஷ்னிட்ஸ்லர், பெர்னார்ட் ஷா எல்லாம் போட்டிருக்கிறார்கள். வியன்னாவில் பெயர் வாங்கிய லில்லி ஃப்ளோர் போன்ற நடிகைகள் இருந்தார்கள். ஓப்பரெட்டாவுக்கு ரோசல் அல்பாக் கெர்ஸ்டல் என்றால் கூட்டம்.

அதோடு நிற்கவில்லை. ஹான்ஸ் ஷூபர்ட், மார்க் சீகல்பெர்க் இருவரும் அங்கேயே புது நாடகம் எழுதினார்கள். சீகல்பெர்க் பத்திரிகைக்காரர், வதைமுகாமில் இருந்துவிட்டு வந்தவர். 'முகமூடிகள் கழல்கின்றன' என்ற நாடகம் நாஜிகள் வந்த பிறகான வியன்னாவைக் காட்டியது. 'அந்நிய மண்' ஷாங்காய் அகதி வாழ்க்கையையே மேடைக்குக் கொண்டுவந்தது. பார்வையாளர்களில் பலருக்கு இரண்டாவது நாடகம் பிடிக்கவில்லை. எங்கள் அழுக்கை மேடையில் ஏன் காட்டுகிறீர்கள், சிரிக்கவிடுங்கள் என்றார்கள். நாங்கள் போடும் நாடகத்துக்கும் இதையே சொல்கிறார்கள். அதனால் அந்தப் பார்வையாளர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுவதும் அந்நிய மண்ணில் நிற்கிறவன், காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்து அதையே பார்க்க வேண்டுமா? ஆனால் எழுதினார்களே, அது பெரிது.

போலந்திலிருந்து வந்தவர்கள் தனியாக இத்திஷ் மொழி நாடகம் போட்டார்கள். ஜெர்மன் பேசுகிறவர்களில் சிலர் இத்திஷைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள். அகதியான பிறகும் அந்த ஏற்றத்தாழ்வு போகவில்லை.

#8 தம்புரா

எதிர்க்கேள்வியின் 'சீனக்காரர் எங்கே' என்ற கேள்விக்கு இசைப் பக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது.

ஆல்ஃபிரட் விட்டன்பெர்க் என்று ஒரு வயலின் வித்வான். பெர்லினில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலோடு சேர்ந்து வாசித்தவர். 1939-ல் ஷாங்காய் வரும்போது வயது ஐம்பத்தெட்டோ ஒன்பதோ. சீன மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். போர் முடிந்து எல்லோரும் கப்பல் ஏறினார்கள், அவர் போகவில்லை. கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடியே 1952-ல் ஷாங்காயிலேயே காலமானார்.

வோல்ஃப்காங் ஃப்ராங்கெல் இன்னொருவர். தொழிலால் நீதிபதி. 1933-ல் யூதர் என்று வேலையைப் பறித்தார்கள். ஷாங்காயில் இசை இலக்கணம் கற்பித்தார். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் பாதையில் வந்த நவீன முறை, எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாக வைக்காத முறை. ஆதார ஷட்ஜத்தைக் கைவிடுவது நம் காதுக்கே பெரிய அதிர்ச்சி. அவரிடம் படித்த சாங் தோங் என்ற சீன இளைஞர் 1947-ல் 'இரவுக் காட்சி' என்று வயலினுக்கும் பியானோவுக்கும் ஒரு படைப்பு எழுதினார். சீன இசையில் அந்த முறையில் வந்த முதல் படைப்புகளில் ஒன்று. சாங் தோங் பின்னாளில் ஷாங்காய் கன்சர்வேட்டரியின் தலைவர் ஆனார். ஆல்பன் பெர்கின் மாணவரான யூலியஸ் ஷ்லாஸும் அங்கே சொல்லிக்கொடுத்தார்.

ஒரு துணைச்செய்தி. நம் அகில இந்திய வானொலியின் அடையாள இசை, காலையில் கேட்டு வளர்ந்தோமே, அதை அமைத்தவர் என்று சொல்லப்படும் வால்டர் காஃப்மன் பிராகில் இருந்த யூதர், 1934-ல் பம்பாய் வந்தவர். விலாசம் மாறினாலும் அதே வரலாறு.

#9 எதிர்க்கேள்வி

தம்புரா, நன்றி. இது எனக்குப் புதுச் செய்தி. ஒரு மாணவனுக்கு ஒரு குரு கிடைத்தது உண்மையான பரிமாற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கன்சர்வேட்டரிக்குள். சந்தில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. சீன மொழி கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

#10 நூல்கண்டு

சரளமாகப் பேசக் கற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் அமெரிக்கா, பாலஸ்தீனம், ஆஸ்திரேலியா என்று அடுத்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாங்காயைக் காத்திருப்பு அறையாகத்தான் நினைத்தார்கள். விதிவிலக்குகள் உண்டு. வில்லி டோன் என்ற பெர்லின்காரர் சீனவியல் படித்தவர். 1943-ல், ஜப்பான்காரர்கள் அகதிகளை ஒரே பகுதிக்குள் அடைத்துவைத்திருந்த காலத்திலேயே, ஆசியா செமினார் என்று மாலை வகுப்புகள் தொடங்கினார். சீன மொழி, சீனத் தத்துவம், இன்னும் பல பாடம். வியன்னா டாக்டர் யாக்கோப் ரோசன்ஃபெல்ட் 1941-ல் ஷாங்காயை விட்டே போய்ச் சீனக் கம்யூனிஸ்ட்களின் புதிய நான்காம் படையில் சேர்ந்து வருஷக்கணக்கில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தார்.

பத்திரிகைக்காரர்களில் ஸ்டோர்ஃபர். வியன்னாவில் ஃப்ராய்டின் பதிப்பகத்தை நடத்தியவர். 1939 மே மாதம் 'மஞ்சள் தபால்' என்று ஒரு ஜெர்மன் இதழ் தொடங்கினார். உளப்பகுப்பாய்வும் சீனப் பழக்கவழக்கமும் அகதிச் செய்தியும் ஒரே இதழில். நாம் எங்கே வந்து இறங்கியிருக்கிறோம் என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தாக்குப்பிடிக்கவில்லை. அவர் ஆஸ்திரேலியா போய் 1944-ல் இறந்தார். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு ஷாங்காய் ஜூயிஷ் கிரானிக்கிள் ஒன்றுதான் ஜெர்மன் மொழியில் அகதிகளுக்கு மிஞ்சியது, அதுவும் ஜப்பான் தணிக்கையில்.

#11 ஓலைச்சுவடி

வேதபாடசாலைக்காரர்களை யாரும் எழுதவில்லையே. எனக்கு இந்தக் கதையில் மிக நெருக்கமானவர்கள் அவர்கள்தான்.

மீர் என்ற ஊரின் யெஷிவா. ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சில நூறு பேர், ஒரே கூட்டமாக லித்துவேனியாவுக்குத் தப்பினார்கள். 1940 கோடையில் அங்கே ஜப்பான் தூதரக அதிகாரி சியூனே சுகிஹாரா கை வலிக்க வலிக்க விசா எழுதிக்கொடுத்தார். சைபீரியா கடந்து ஜப்பானின் கோபே நகரம், 1941-ல் அங்கிருந்து ஷாங்காய்க்கு அனுப்பினார்கள். மியூசியம் ரோட்டில் பெத் ஆரோன் என்ற ஜெப ஆலயம் ஏறக்குறைய காலியாக இருந்தது, 1927-ல் ஹர்தூன் என்ற பாக்தாத் யூதச் செல்வந்தர் கட்டியது. அதில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள். நாள் முழுக்கத் தர்க்கம், சத்தம் போட்டு. ஷாங்காய்க் கோடையில் வேர்வை ஏட்டில் சொட்டச் சொட்ட.

படிக்க ஏடு வேண்டுமே. யூத சமய நூலான தல்மூத்தின் பிரதி ஒன்றிரண்டுதான் இருந்தது. சீன அச்சகத்தில் கொடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்துக் கல்லச்சு முறையில் அச்சடித்தார்கள். அச்சடித்த சீனத் தொழிலாளிக்கு ஒரு எபிரேய எழுத்து தெரியாது. போர் முடியும்போது கிழக்கு ஐரோப்பிய யெஷிவாக்களில் முழுதாகப் பிழைத்தது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

கோபேயில் இருந்தபோது எழுந்த ஒரு சந்தேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உலகத் தேதிக்கோடு எங்கே விழுகிறது? ஜப்பானில் சனிக்கிழமை என்பது உண்மையில் ஓய்வுநாள்தானா, அல்லது ஞாயிறா? 1941 யோம் கிப்பூர் உபவாசத்தை எந்த நாளில் இருப்பது? எருசலேமுக்குத் தந்தி அடித்தார்கள். அங்கே கூடிய ரபிகளில் பெரும்பான்மை புதன்கிழமை என்றது. ஹசோன் இஷ் என்ற பெரியவர் வியாழன் என்றார். இரண்டு நாளும் உபவாசம் இருந்தவர்களும் உண்டு. நாடில்லை, வீடில்லை, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது, இந்த நிலையில் உபவாசம் எந்த நாள் என்று உலகத்தின் மறுகோடிக்குத் தந்தி. ஏகாதசி எந்த நாள் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த என் தாத்தா இதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

#12 வடலி

வாசிக்க வாசிக்க நித்திரை வரேல்லை. பிள்ளையளைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, நான் கொஞ்சம் தேடி வாசிச்சனான்.

ஹொரஸ் கடூரி எண்ட பாக்தாத் யூதர் அகதிப் பிள்ளையளுக்கெண்டு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினவர். அறுநூறு எழுநூறு பிள்ளையள். தலைமை ஆசிரியை லூசி ஹார்ட்விச், பெர்லினில இருந்து வந்தவ. படிப்பு இங்கிலிஸில. வீட்டில தாய் தகப்பன் ஜெர்மன் கதைக்க, பிள்ளை இங்கிலிஸில மறுமொழி சொல்லும். இஞ்ச டொராண்டோவில எங்கட வீடுகளில நடக்கிற அதே கதைதான். பள்ளிக்கூட முற்றத்தில கால்பந்து. ஞாயிறு எண்டால் லீக் ஆட்டம், சனம் நிறைஞ்சு வழியும். கூலி வேலைக்குப் பழகோணும் எண்டு ஓஆர்டி எண்ட அமைப்பு பூட்டு வேலை, தச்சு வேலை, தையல் எல்லாம் படிப்பிச்சது. அந்தத் தெருவில வளந்த மைக்கல் புளூமந்தால் பிறகு அமெரிக்காவின்ர நிதி மந்திரியா வந்தவர். அவற்ற வீட்டு வாசலும் சூசான் ரோட்டிலதான்.

பொம்பிளையளும் கெதியா மாறினவை. டாக்குத்தர், வக்கீல் எண்டு இருந்த புருஷன் வேலையில்லாமல் சோர்ந்து கிடக்க, பெண்சாதி தைச்சு வித்தா, கேக் சுட்டு வித்தா, கடையில நிண்டா.

#13 அரங்கம்

1943-க்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரி 18-ம் தேதி ஜப்பான் அறிவிப்பு. 1937-க்குப் பிறகு வந்த 'நாடற்ற அகதிகள்' எல்லோரும் மே 18-க்குள் ஹோங்கியூவில் குறித்த பகுதிக்குள் போய்விட வேண்டும். யூதர் என்ற சொல்லே அறிவிப்பில் இல்லை. மதிலும் இல்லை, முள்கம்பியும் இல்லை. தெருமுனையில் பலகை, காவல். அகதி ஆண்களையே முறைவைத்துக் காவலுக்கு நிறுத்தினார்கள். வெளியே வேலைக்குப் போக பாஸ் வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை, அதில் 'போகலாம்' என்று பொருள்படும் சீன எழுத்து.

பாஸ் கொடுக்கும் அதிகாரி கோயா. குள்ளமான ஆள். 'நான் யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொண்டவர். மணிக்கணக்கில் வெயிலில் வரிசை. உயரமான ஆளை அறைய மேஜைமேல் ஏறுவார். அடுத்த நாள் அவரே வயலின் எடுத்துக்கொண்டு அகதி இசைக் கலைஞர்களோடு வாசிக்க உட்காருவார். மறுக்க யாருக்குத் தைரியம் வரும்? கலை மனிதனை மேன்மைப்படுத்தும் என்று மேடையில் பேசுகிறோம். நான் இந்த ஆளை நினைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

நாடகங்கள் அதன் பிறகு குறைந்தன. நடிகர்களுக்குத் தெம்பில்லை. கரித்தூளோடு மண் குழைத்து உருண்டை பிடித்து எரித்த பனிக்காலங்கள். சிலர் மாவுச் சாக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டார்கள். ஆனால் முழுக்க நிற்கவில்லை.

#14 நூல்கண்டு

எதிர்க்கேள்வி சந்தில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு நாளைச் சொல்கிறேன். 1945 ஜூலை 17. அமெரிக்க விமானங்கள் ஹோங்கியூ மேல் குண்டு போட்டன, அங்கே இருந்த ஜப்பான் வானொலி நிலையத்தைக் குறிவைத்து. செத்த அகதிகள் ஏறக்குறைய 40 பேர். சீனர்கள் நூற்றுக்கணக்கில். அகதி டாக்டர்களும் நர்ஸுகளும் வார்டு ரோடு ஹைமில் யூதர், சீனர் என்று பார்க்காமல் காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள். துணி இல்லை, படுக்கை விரிப்பைக் கிழித்தார்கள். அடுத்த நாட்களில் சீனர்கள் சாப்பாடும் காசும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு மாதத்தில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வர ஆரம்பித்தன. தெருவில் ஒட்டினார்கள். அம்மா, தங்கை, மாமா பெயரைத் தேடி விரலால் தடவிப் பார்த்தார்கள். பெரும்பாலான குடும்பங்களில் ஷாங்காய் வந்தவர்கள் மட்டும்தான் மிச்சம். ஐந்தாறு வருஷம் புழுங்கிய இடம் தங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 1949-க்குள் அநேகமாக எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

#15 எதிர்க்கேள்வி

நூல்கண்டு, படித்தேன். 'குட்டி வியன்னா' பெயர்மேல் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு, அது போகாது. ஆனால் நாடகம் ஏன் போட்டார்கள் என்பது இப்போது புரிகிறது. அந்தப் பட்டியலை வாசித்த பிறகு முன்பு கேட்ட தொனியில் கேட்க எனக்கு மனம் வராது.

பெயர் விஷயம் மட்டும் உள்ளேயே நிற்கிறது. அருங்காட்சியகத்தில் பெயர்ச் சுவர் இருக்கிறது என்று படித்தேன். தண்ணீர்க்காரர் அதில் இருக்க மாட்டார்.

#16 நூல்கண்டு

இருக்க மாட்டார். ஓஹெல் மோஷே ஜெப ஆலயம்தான் இன்றைக்கு அருங்காட்சியகம். 2014-ல் அங்கே சுவர் எழுப்பியபோது அதில் 13,000-க்கும் மேல் பெயர்கள் இருந்தன, எல்லாம் அகதிகள். கையால் தொடலாம், நான் தொட்டேன்.

ஆனால் உங்களுக்கு ஒருவரைக் காட்ட வேண்டும். டேவிட் லுட்விக் ப்ளாக். 1910-ல் பிறந்த ஜெர்மன் ஓவியர், சிறு வயதிலிருந்தே காது கேட்காதவர். டாஹவ் முகாமில் இருந்துவிட்டு 1940-ல் ஷாங்காய் வந்தார். மரத்தில் செதுக்கி அச்சு எடுப்பார். அவர் செதுக்கியது காஃபி கடையை அல்ல. ரிக்‌ஷா இழுக்கிறவர், பிச்சை எடுக்கிறவர், தெருவில் விற்கிறவர், குழந்தைகள். ரிக்‌ஷாக்களுக்கென்றே ஒரு தொகுப்பு. அங்கேயே செங் திசியூ என்ற சீனப் பெண்ணை மணந்தார். அவருக்கும் காது கேட்காது.

#17 எதிர்க்கேள்வி

ப்ளாக்கின் மரச்செதுக்குகளைத் தேடி ராத்திரி இரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். இழுக்கிறவரின் காலை அவர் கவனித்திருக்கிற விதம்! வெறும் கால், விரல் தரையைப் பற்றுகிறது. எதிரே ஒரு ஓரத்தில் நின்று, பேச்சுச் சத்தம் எதுவும் கேட்காமல், அந்தக் காலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

நூல்கண்டு, அடுத்த தடவை போகும்போது அந்தத் தெருமுனையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இப்போது அங்கே என்ன கடை இருந்தாலும் பரவாயில்லை.

#18 நூல்கண்டு

அடுத்த மாசம் 12-ம் தேதி கிளம்புகிறேன். போடுகிறேன்.